நிரப்புதலும் ஆறுதலும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலர் அழைத்தபோது, சங்க இலக்கியத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். முனைவர் பட்டத்திற்கு நான் செய்த ஆய்வும் அத்துறையைச் சார்ந்ததே. ஆனால் இன்று நான் பேச விரும்பும் பொருள், மூளையின் குருதிக்குழாய்க்குள் வைக்கப்படும் ஒரு பிளாட்டினச் சுருள். தலைப்பைத் தொலைபேசியில் சொன்னதும் மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, "அம்மா, கவிஞர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது நினைவிருக்கட்டும்" என்றார். நினைவிருக்கிறது. கவிஞர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இதில் உண்டு என்று நம்புவதால்தான் இங்கே நிற்கிறேன்.

அக்காவின் கேள்வி

2013ஆம் ஆண்டு ஒரு காலை நேரத்தில் என் அக்காவுக்குத் தலைவலி வந்தது. பிடரியில் யாரோ உலக்கையால் ஓங்கி அடித்ததைப் போல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதற்குமுன் அப்படியொரு வலியை அவர் அறிந்ததில்லை. வாந்தி எடுத்தார், கழுத்தைத் திருப்ப முடியவில்லை, பேச்சுக் குழறியது. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். மூளையைச் சுற்றிக் குருதி கசிந்திருப்பதாகவும், குழாய் ஒன்றில் ஏற்பட்டிருந்த புடைப்பு வெடித்ததே காரணம் என்றும் சொன்னார்கள். தலையைத் திறக்காமல், தொடையிலுள்ள தமனி வழியாக ஒரு நுண்குழாயைச் செலுத்திப் புடைப்பைச் சுருளால் அடைக்கலாம் என்றார்கள். நான்கு பக்கங்கள் கொண்ட ஆங்கிலப் படிவம் ஒன்றில் நான் கையொப்பமிட்டேன். தமிழில் முனைவர் பட்டம் பெற்ற நான், என் உடன்பிறந்தாளின் மூளை குறித்த நான்கு பக்கங்களில் பாதியைக்கூடப் புரிந்துகொள்ளாமல் ஒப்பமிட்டேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா பிழைத்தார். ஆறு மாதம் கழித்து மீண்டும் படம் எடுத்தபோது, அடைத்த இடத்தின் வாய்ப்பகுதி சிறிதளவு திறந்திருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏண்டி, அடைச்சாச்சுன்னுதானே சொன்னாங்க? அடைச்சது எப்படித் திறக்கும்?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இவ்வுரை.

நோயின் இயல்பு

இந்நோயை மருத்துவர்கள் அனூரிசம் என்பர். விரிதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். குருதிக்குழாயின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, குருதியின் அழுத்தத்தால் வெளிப்புறமாகப் பை போல் புடைக்கிறது. தமிழில் இதனைக் குருதிநாளப் புடைப்பு எனலாம். நம் வீட்டுச் செம்பைப் போல அதற்குக் கழுத்தும் உண்டு, வயிறும் உண்டு. மருத்துவர்களும் குழாயோடு அது சேரும் இடத்தைக் கழுத்து என்றே குறிப்பிடுகின்றனர்.

மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாக அமைந்துள்ளன. 1664ஆம் ஆண்டில் மூளையின் உடற்கூறு பற்றித் தாம் வெளியிட்ட நூலில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதனை விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்நூலுக்குப் படங்கள் வரைந்து தந்தவர்களுள் ஒருவர் கிறிஸ்டபர் ரென். பின்னாளில் லண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய அதே சிற்பிதான். இந்த வளையத்தில் குழாய்கள் கிளை பிரியும் கவைகளில்தான் பெரும்பாலான புடைப்புகள் தோன்றுகின்றன. ஓடிவரும் குருதி நேரே வந்து மோதும் இடம் அதுவே.

வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூவருக்கு இத்தகைய புடைப்பு இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களில் மிகப் பலர் அதை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கின்றனர். ஆனால் வெடித்துவிட்டால் நிலைமை கடுமை. பலர் இறக்கின்றனர், பிழைப்போரிலும் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஒருமுறை கசிந்து நின்ற புடைப்பு மீண்டும் வெடிக்கும் அச்சம் முதல் சில நாட்களில் மிகுதி. ஆகவே விரைந்து அடைக்க வேண்டும்.

கிளிப்பும் சுருளும்

உயிரோடிருப்பவரின் மூளைக் குழாய்களைப் படமாகக் காணும் வழியை 1927இல் லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் கண்டறிந்தார். பத்தாண்டு கழிந்து, 1937 மார்ச் மாதம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டேண்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றைக் கவ்வ வைத்தார். பையின் வாயை வெளியிலிருந்து இறுகக் கட்டிவிடும் முறை அது. கிளிப் சரியாக அமர்ந்துவிட்டால் பைக்குள் குருதி புகாது. இன்றும் உலகெங்கும் கையாளப்படும் உறுதியான முறை அது. ஆனால் மண்டையைத் திறக்க வேண்டும். வீங்கிக் கிடக்கும் மூளையை ஒதுக்கிச் செல்ல வேண்டும்.

உள்ளிருந்தே அடைக்கும் வழியைக் கண்டவர் குயிதோ குலியெல்மி என்ற இத்தாலிய மருத்துவர். மின்னோட்டத்தால் புடைப்புக்குள் குருதியை உறையச் செய்ய முடியுமா என்று அவர் விலங்குகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது, உள்ளே செலுத்திய எஃகுக் கம்பியின் நுனி மின்னாற்பகுப்பால் அரிக்கப்பட்டுத் தானே கழன்று விழுந்தது. பிழை என்று ஒதுக்கத்தக்க அந்நிகழ்ச்சியை அவர் மறக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், இவான் செபெட்கா என்ற பொறியாளரின் துணையோடு, கழன்று விழுவதையே ஒரு கருவியாக்கினார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் நுனியில் மென்மையான பிளாட்டினச் சுருள் இணைக்கப்பட்டிருக்கும். சுருள் பைக்குள் சரியாக அமரும்வரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். அமர்ந்தது என்று உறுதியானதும் மிகச் சிறிய அளவு நேர்மின்னோட்டம் செலுத்தினால், இணைப்பு அரிக்கப்பட்டுச் சுருள் உள்ளேயே தங்கிவிடும். கம்பி வெளியே வந்துவிடும். 1990 மார்ச் மாதம் முதல் புடைப்பு இவ்வாறு அடைக்கப்பட்டது. 1995இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இச்சுருளுக்கு இசைவளித்தது.

அச்சுருளின் அமைப்பும் எண்ணத்தக்கது. தலைமுடியளவே பருமன் கொண்ட பிளாட்டினக் கம்பியை முதலில் ஒரு மெல்லிய சுருளாகச் சுற்றுகிறார்கள். அச்சுருளை மீண்டும் ஒரு பெரிய வளையமாகச் சுற்றுகிறார்கள். சுருளின் சுருள் அது. நுண்குழாய்க்குள் நேராக நீண்டு செல்லும். பைக்குள் நுழைந்ததும் தன் பழைய வளைவை நினைவுகூர்ந்து சுருண்டுகொள்ளும். முதற்சுருள் கூடு கட்டும். அடுத்தடுத்த சுருள்கள் கூட்டை நிறைக்கும்.

கிளிப்பா, சுருளா என்ற வினாவுக்கு விடைகாண, இரண்டும் பொருந்தக்கூடிய 2143 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிய பன்னாட்டு ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இறந்தோரும் பிறர் துணையின்றி வாழ இயலாதோரும் சுருள் பிரிவில் 23.7 விழுக்காடு, கிளிப் பிரிவில் 30.6 விழுக்காடு. சுருள் வென்றது. ஆனால் அதே ஆய்வு, சுருள் வைத்தவர்களுக்கு மறுமுறை சிகிச்சை தேவைப்படுவது மிகுதி என்பதையும் காட்டியது. அக்காவின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

நிரம்பியும் நிரம்பாதது

படத்தில் பார்க்கும்போது சுருள்கள் நிறைந்த பை, கெட்டியான ஒரு நூற்கண்டைப் போல் தெரியும். ஆனால் எவ்வளவு நெருக்கி அடைத்தாலும் பையின் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே பிளாட்டினம் நிறைக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். 10 மி.மீ. குறுக்களவுள்ள உருண்டையின் கொள்ளளவு ஏறக்குறைய 524 கன மி.மீ. அதில் உலோகம் 131 கன மி.மீ. எஞ்சிய 393 கன மி.மீ.? அங்கே இருப்பது உறைந்த குருதி. அதாவது, பையை அடைத்திருப்பதில் பெரும்பகுதி நோயாளியின் சொந்தக் குருதியே.

உறைந்த குருதி நிலையானதன்று. உறைந்ததைக் கரைக்கும் ஆற்றலும் குருதிக்கே உண்டு. மறுபுறம், இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கழுத்தின் வாயில் ஓர் அலை மோதுகிறது. நாளடைவில் சுருள்கள் அமுங்குகின்றன. வாய்ப்பகுதியில் இடைவெளி தோன்றுகிறது. சுருள் வைத்த புடைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வாறு ஓரளவு மீளத் திறப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்தோர் கணக்கிட்டுள்ளனர். திறந்தவை அனைத்தும் வெடிப்பதில்லை; மறுசிகிச்சை தேவைப்படுவது அவற்றில் பாதிக்கே. ஆயினும் அச்சம் தங்கிவிடுகிறது.

உண்மையில் பை குணமாவதற்கு வேண்டியது வேறு. உறைந்த குருதிக்குள் உயிரணுக்கள் புகுந்து, கொலாஜன் என்னும் நார்ப்பொருளை நெய்து, அதனை வடுத்திசுவாக மாற்ற வேண்டும். கழுத்தின் குறுக்கே குழாயின் உட்படலம் படர்ந்து வாயை மூட வேண்டும். அவ்வாறு நிகழ்ந்துவிட்டால் குருதிக்கு அங்கே ஒரு பை இருந்தது என்பதே தெரியாது. பிளாட்டினமோ எதனோடும் எளிதில் வினைபுரியாத உலோகம். உடலுக்குத் தீங்கு செய்வதில்லை என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த உலோகம், அதே காரணத்தால் உடலைத் தூண்டுவதும் இல்லை. இறந்தோர் உடல்களில் பார்த்தபோது, சுருள் வைத்து நெடுநாள் ஆகியும் கழுத்து மூடப்படாதிருந்தவை பல.

இங்கே நம் மொழி எனக்கு உதவியது. 'ஆறுதல்' என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். கொதித்த பால் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. எல்லாம் தன்வினை. யாரும் வெளியிலிருந்து வந்து புண்ணை ஆறச் செய்துவிட முடியாது. மருந்து இடலாம், காற்றுப் படாமல் கட்டலாம். ஆற வேண்டியது புண்ணே. அக்காவின் பையை மருத்துவர்கள் நிரப்பினார்கள். நிரப்புதல் பிறர் செய்யும் வினை. ஆறுதல் உடல் தானே செய்ய வேண்டிய வினை. அந்த இரண்டுக்கும் இடையிலிருந்த தொலைவையே ஆறாம் மாதப் படம் காட்டியது.

கரையும் இழை

அந்தத் தன்வினையைப் பிறவினையாக்க, அதாவது ஆறுவதை ஆற்றுவதாக மாற்ற, அறிவியலார் செய்த முயற்சியே உயிரியக்கச் சுருள். குலியெல்மி பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில் ஜப்பானைச் சேர்ந்த யூயிச்சி முராயாமாவும் அவருடைய குழுவினரும் 1990களில் இம்முயற்சியில் இறங்கினர். பிளாட்டினச் சுருளின் மேற்பரப்பில் கொலாஜன் முதலிய புரதங்களைப் பூசி, அயனிகளைப் பாய்ச்சி அவற்றைப் பதியவைத்துப் பார்த்தனர். உயிரணுக்கள் பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் தருவதே நோக்கம்.

அடுத்து அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அறுவை மருத்துவர்களின் மேசையில் ஏற்கெனவே இருந்தது. 1970கள் முதல் உடலுக்குள் கரையும் செயற்கைத் தையல் இழைகள் புழக்கத்தில் உள்ளன. பாலிகிளைகாலிக் அமிலம், அதனோடு சிறிது பாலிலாக்டிக் அமிலம் சேர்ந்த நெகிழிப் பொருள் அது. உடலின் நீரே அதைச் சிறுசிறு துண்டுகளாக உடைத்துவிடும். இறுதியில் கரியமில வாயுவும் நீருமாக அது வெளியேறிவிடும். உடைபடும் காலத்தில் சுற்றிலும் மிதமான அழற்சியைத் தூண்டும். அழற்சி என்றால் தீமை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் புண் ஆறுவதற்கு முதற்படி அழற்சிதான். தீயை அணைக்க வருவோரைக் கூவியழைக்கும் குரல் போன்றது அது.

இவ்விழையைப் பிளாட்டினத்தின்மேல் போர்த்தியபோது பன்றிகளில் நல்ல பலன் கிடைத்தது. போர்த்திய சுருள் வைத்த பைகளில் வடுத்திசு விரைந்து வளர்ந்தது. கழுத்தில் திசு தடித்து மூடியது. 2001இல் ஆய்வுரை வெளிவந்தது. 2002இல் மேட்ரிக்ஸ் என்ற பெயரில் இச்சுருள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மற்றொரு நிறுவனம் அதே வகை இழையைச் சுருளின் உட்புறத்தில் வைத்துச் செரிசைட் என்ற பெயரில் வெளியிட்டது.

கருத்து எவ்வளவு அழகியது! தன் வேலையை முடித்துவிட்டுத் தடயமின்றி மறையும் ஒரு பொருள். நோயாளியின் உடலே எஞ்சிய பணியை முடிக்கும். இதைப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. நல்ல கவிதை செய்வதும் இதைத்தானே என்று எண்ணினேன். தொல்காப்பியர் இடையியலில் இசைநிறையாக வரும் இடைச்சொற்களைக் குறிப்பிடுகிறார். பொருள் தராமல் ஓசையை மட்டும் நிறைப்பவை அவை. வெற்றுப் பிளாட்டினம் இசைநிறை. உயிரியக்கச் சுருள் பொருளுணர்த்தும் சொல் என்று வகுப்பில் சொல்லத்தக்க உவமை ஒன்றையும் அமைத்துவிட்டேன்.

அவ்வுவமையைப் பின்னர் நானே திருத்திக்கொள்ள நேர்ந்தது.

அழகும் மெய்ப்பும்

அக்காவின் சிகிச்சைக்கு முன் மருத்துவர் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். "மேற்பூச்சுள்ள சுருள்களும் உண்டு. விலை கூடுதல். கொள்கையளவில் நல்லது. ஆனால் பயன் கூடுதல் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது." அன்று அது எனக்குக் கைவிரிப்பாகத் தோன்றியது. விலையை எண்ணித்தான் அப்படிச் சொல்கிறாரோ, வசதியில்லாதவர்கள் என்று கருதிவிட்டாரோ என்று மனத்துக்குள் கசந்தேன். பின்னர்ப் படித்தபோதுதான், அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அளந்து சொன்னது என்று புரிந்தது.

செரிசைட் சுருளையும் வெற்றுச் சுருளையும் 500 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வெளிவந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மேட்ரிக்ஸ் சுருளை 626 நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. அங்கும் வெற்றுச் சுருளைவிட மேலானது என்று காட்ட இயலவில்லை. 2002இல் விற்பனைக்கு வந்த பொருளின் பயன் என்ன என்று அறியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனையோ பேரின் மூளைக்குள் அது சென்றுவிட்டது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? அறிஞர்கள் பல காரணங்களைச் சுட்டுகின்றனர். முதலாவது, பன்றி. சோதனைக்குப் பயன்பட்டவை இளமையும் நலமும் கொண்ட பன்றிகள். அவற்றின் கழுத்துத் தமனியில் சிரையின் ஒரு துண்டைப் பையாகத் தைத்துச் செயற்கைப் புடைப்பை உண்டாக்குவர். பன்றியின் உடல் வடுத்திசுவை மிக விரைவாக உண்டாக்கும் இயல்புடையது. ஒன்றும் வைக்காமல் விட்டாலும் அத்தகைய பை தானே அடைபடுவதுண்டு. புதிதாகத் தைத்த அப்பையும், உயர் குருதியழுத்தத்தாலும் புகைப் பழக்கத்தாலும் பல ஆண்டுகளாக நலிந்த மனிதரின் குழாய்ச்சுவரும் ஒன்றாகா. நன்கு ஆறும் உடலில் எதை வைத்தாலும் ஆறும். ஆறும் ஆற்றலை இழந்துவிட்ட சுவரில்தான் மருந்தின் திறம் தெரியும்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. மேட்ரிக்ஸ் சுருளின் பருமனில் பெரும்பகுதி கரையும் நெகிழி. கரையும் பொருள் கரைந்து முடிந்தபின் அது அடைத்திருந்த இடம் என்னவாகும்? அதற்குள் திசு வளர்ந்திருந்தால் நன்று. வளரவில்லையேல் அங்கே வெற்றிடமே. மறைந்துபோகும் பொருளின் அழகில் மயங்கிய நான், மறைந்த இடத்தை யார் நிரப்புவார் என்று கேட்கத் தவறியிருந்தேன்.

நீரில் விரிவது

இதே காலத்தில் வேறொரு சுருளும் வந்தது. பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரோஜெல் என்ற நீர்க்கூழ்மம் பூசப்பட்டது. உலர்ந்த நிலையில் உள்ளே செல்லும். குருதியின் நீரை உறிஞ்சி மெல்ல விரியும். ஊறவைத்த சப்ஜா விதை விரிவதைக் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே போன்றது. இது கரைவதில்லை. உயிரணுக்களை அழைக்கும் வேதிப்பொருள் எதுவும் இதில் இல்லை. உறைகுருதிக்கு விடப்படும் இடத்தைக் குறைத்து, அவ்விடத்தைத் தானே நிறைப்பதுதான் இதன் பணி. சொல்லப்போனால், இன்னும் நன்றாக நிரப்பும் பொருள். அவ்வளவே.

இதன் முதல் தலைமுறைச் சுருளை 499 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மீளத் திறப்பது குறைந்தது. ஆயினும் ஆய்வின் முதன்மை அளவுகோலில் ஐயத்திற்கிடமற்ற வெற்றி கிட்டவில்லை. பின்னர் மேலும் மென்மையாக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை வந்தது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வு 2018இல் அதற்குச் சாதகமாக அமைந்தது. 600 நோயாளிகளை உள்ளடக்கிய மற்றோர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. அதில் மீளத் திறந்தவை வெற்றுச் சுருள் பிரிவில் 15.4 விழுக்காடு, ஹைட்ரோஜெல் பிரிவில் 4.4 விழுக்காடு.

அவையோரே, இவ்விடத்தில் என் உவமை உடைந்தது. ஆற்ற வந்த சுருளால் ஆற்ற இயலவில்லை. நிரப்ப வந்த சுருள் நன்றாக நிரப்பியது. அலையின் மோதலைத் தாங்கி, கழுத்தின் வாயில் உடல் தன் படலத்தைப் படரவிடக் காலம் தந்தது. நிரப்புதலை நான் இழிவாக எண்ணியிருந்தேன். இசைநிறைச் சொல்லையும் அவ்வாறே வகுப்பில் பல ஆண்டுகள் எள்ளியிருக்கிறேன். ஓசை நிறையாத செய்யுளில் பொருள் நிற்க இடமேது என்பதை ஒரு நீர்க்கூழ்மம் எனக்குக் கற்பித்தது.

கழுத்தையே குறிவைக்கும் வேறொரு வழியும் இன்று உள்ளது. பையை நிரப்பாமல், தாய்க்குழாய்க்குள் நெருக்கமாகப் பின்னிய உலோக வலைக்குழல் ஒன்றை வைத்துக் குருதியோட்டத்தைத் திசைதிருப்புகின்றனர். வலையின்மேல் உட்படலம் படர்கிறது. 2011இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற முறை இது. எல்லாப் புடைப்புக்கும் இது பொருந்தாது. குருதி உறையாமலிருக்க மருந்துகளை நெடுநாள் உட்கொள்ள வேண்டும் என்பதால், அப்போதுதான் வெடித்த புடைப்புக்கு இதனைப் பயன்படுத்துவதில் தயக்கம் உண்டு. ஆகவே சுருளின் காலம் முடிந்துவிடவில்லை.

கவிஞர்களிடம் ஒரு சொல்

கருத்து அழகாக இருப்பது அது மெய்யாக இருப்பதற்குச் சான்றாகாது. இதைக் கவிஞர்கள் நிறைந்த அவையில் சொல்வதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். கரையும் இழையைப் படைத்தவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர், தேர்ந்த அறிஞர்கள். அவர்களுடைய எண்ணம் அழகாயிருந்தது, பன்றியில் பலித்தது, மருத்துவர்கள் நம்பினர். குலுக்கல் முறையில் இருபிரிவாக்கி, யார் எதைப் பெற்றார் என்று அறியாதவர்களைக் கொண்டு படங்களைப் பார்க்கச் செய்து, பொறுமையோடு எண்ணிய பிறகே 'வேறுபாடில்லை' என்ற சொல் பிறந்தது. பல கோடி செலவிட்டு, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் இசைவோடு பெற்ற சொல் அது. அதைச் சொல்லும் நேர்மை அந்த மருத்துவருக்கு இருந்தது. அதைக் கேட்கும் அறிவு எனக்கு இல்லை. அன்றைக்கு நான் எதிர்பார்த்தது ஆறுதல் மொழி. அவர் தந்தது மெய்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து துணைசெய்பவரையும் வள்ளுவர் ஒரு கூறாக வைத்துள்ளார். பல்லாண்டு கற்பித்த குறள்தான். ஆயினும் அந்த நான்காம் இடத்தில் நான் நின்ற நாளில், எனக்குரிய பணியைச் செய்யும் தகுதியின்றியே நின்றேன். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே சொல்லைக் கொண்டு சேர்ப்பதும் துணைசெய்வதன் ஒரு பகுதி அல்லவா?

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அயல்நாட்டார் ஒருவர் அன்று செய்த பணியை எண்ணும்போது, என் ஒப்பத்தின்கீழ் இருந்த அந்த ஆங்கிலப் படிவம் கண்முன் வருகிறது. ஆகவே நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில், வழக்கமான கவியரங்குகளோடு, சிறிய பணி ஒன்றையும் மேற்கொள்வோம். இப்பகுதி மருத்துவர்கள் சிலரோடு அமர்ந்து, அறுவைக்கு முன் கையொப்பம் பெறும் படிவம் ஒன்றையேனும் தெளிந்த தமிழில் எழுதித் தருவோம். 'அடைத்துவிட்டோம்' என்று எழுதாமல், 'நிரப்புகிறோம், ஆறுவதற்குக் காலமாகும், ஐந்தில் ஒன்று ஓரளவு மீளத் திறக்கலாம், ஆகவே மறுபடியும் படம் எடுக்க வர வேண்டும்' என்று எழுதுவோம். அதற்குச் சொல்லாட்சி வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது.

நிறைவாக

என் அக்கா நலமாக இருக்கிறார். அந்தச் சிறு திறப்பு அப்படியே இருக்கிறது. பெரிதாகவும் இல்லை, மூடவும் இல்லை. இடைவெளி விட்டுப் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. படம் எடுக்கும் நாளுக்கு முதல் இரவில் எங்கள் இருவருக்கும் இன்றும் உறக்கம் வருவதில்லை.

அவருடைய கேள்விக்கு விடை கண்டபின் ஒருநாள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு செம்பை வைத்துக்கொண்டு, கழுத்து இது, வயிறு இது என்று காட்டினேன். அடைத்தது அவர்கள், ஆற வேண்டியது உன் உடம்பு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, என் மேல ஏதோ குத்தம்னு இத்தனை நாள் நெனச்சிருக்க மாட்டேனே."

அடைத்தது திறந்ததற்குத் தம் நடத்தையே காரணம் என்று அவர் அத்தனை மாதமும் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விளங்காத ஒன்றை மக்கள் தம் குற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படிவத்தை நாம் எழுத வேண்டும் என்று நான் கேட்பதன் காரணம் இதுவே.